கரியமில வாயு: பயிருக்கு உணவு, பூமிக்குப் போர்வை



ரயிலில் சென்னை சென்ட்ரலுக்குச் சென்றவர்கள், நிலையம் வருவதற்குச் சற்று முன்பாகப் பேசின் பிரிட்ஜ் என்னும் இடத்தைக் கடந்திருப்பீர்கள். பல இருப்புப் பாதைகள் ஒன்றுகூடும் அந்த இடத்தில் வண்டி மெதுவாகவே செல்லும். அங்கே கறுத்து ஓடும் நீர் பக்கிங்காம் கால்வாய் ஆகும். 1806ஆம் ஆண்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட கால்வாய், பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டப்பட்டு இப்பெயர் பெற்றது. ஒரு காலத்தில் உப்பும், கிளிஞ்சலும், விறகும் இதன் வழியே படகுகளில் சென்னைக்கு வந்தன. ஸ்ரீஹரிக்கோட்டா, நெல்லூர்ப் பகுதிகளிலிருந்து வந்த சவுக்குக் கட்டைகள் பேசின் பிரிட்ஜில் கரையிறங்கி விறகுக் கடைகளுக்குச் சென்றன. பட்டணத்து அடுப்புகள் பலவும் அந்த விறகால் எரிந்தன.

அதே பேசின் பிரிட்ஜில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரியால் இயங்கும் மின் நிலையம் ஒன்று அமைந்தது. சென்னை நகரின் மின்சாரம் அங்கிருந்து கிடைத்தது. 1947ஆம் ஆண்டில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. சென்ட்ரலுக்கு வந்துபோன நீராவி எஞ்சின்களும் நிலக்கரியையே எரித்தன.

ஆக, ஒரே இடத்திற்குப் படகில் விறகு வந்தது. வண்டியில் நிலக்கரி வந்தது. இரண்டும் எரிந்து புகையாயின. அவ்விரு புகையிலும் கலந்திருந்த முக்கியமான வாயு ஒன்றே. அதுவே கரியமில வாயு. உங்கள் வயலில் நிற்கும் நெற்பயிர் இந்த வாயுவை உண்டுதான் வளர்கிறது. பயிர் உண்ணும்போது இது விறகிலிருந்து வந்ததா, நிலக்கரியிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை. ஆனால் பூமியின் வரவு செலவுக் கணக்கில் இவ்விரண்டிற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு என்ன, அதனால் உழவருக்கு வரும் நன்மை தீமைகள் யாவை, நாம் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கரியமில வாயு என்பது என்ன?

கரியும் பிராணவாயுவும் சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகிறது. 12 கிலோ கரி முழுமையாக எரியும்போது காற்றிலிருந்து 32 கிலோ பிராணவாயுவை எடுத்துக்கொண்டு 44 கிலோ கரியமில வாயுவாக மாறுகிறது. எரித்த கரியின் எடையை விட வெளிவரும் வாயுவின் எடை மூன்றரை மடங்குக்கும் அதிகமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இதற்கு நிறமும் மணமும் இல்லை. நாம் வெளிவிடும் மூச்சிலும், எருக்குழியில் மக்கும் குப்பையிலும், பொங்கி எழும் இட்லி மாவிலும், சோடாப் புட்டியிலும் இருப்பது இதுவே. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. கரியமில வாயுவோ மிகச் சொற்பம். பத்து லட்சம் பங்கு காற்றில் இன்று சுமார் 420 பங்கைச் சற்றே தாண்டி இருக்கிறது. கறிக்கு இடும் உப்பை விடவும் குறைந்த இந்த அளவை நம்பித்தான் உலகத்துப் பயிர்கள் அனைத்தும், அவற்றை உண்ணும் கால்நடைகளும் மனிதரும் வாழ்கின்றனர்.

இவ்வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. எனவே பயன்படுத்தாத ஆழ்ந்த கிணறுகளிலும், மூடிய குழிகளிலும் அடியில் தேங்கி நிற்கும். அங்கே இறங்குபவர் பிராணவாயு கிடைக்காமல் சில நொடிகளில் மயங்கி விழ நேரிடும். விளக்கை இறக்கி, அது அணையவில்லை என்பதை மட்டும் நம்பி இறங்குவது சரியன்று. வேறு நச்சு வாயுக்களும், தீப்பற்றும் வாயுவும் அங்கே இருக்கக்கூடும். விழுந்தவரைக் காப்பாற்றப் பதறி அடுத்தவரும் இறங்குவதால்தான் ஒரே வீட்டில் இரண்டு, மூன்று உயிர்கள் போகின்றன. தீயணைப்புத் துறையினரை உடனே அழைக்க வேண்டும்.

பயிரின் எடை எங்கிருந்து வருகிறது?

வான் ஹெல்மான்ட் என்ற பெல்ஜிய நாட்டு அறிஞர் செய்த சோதனை ஒன்று 1648ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர் ஒரு தொட்டியில் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை இட்டு, 5 பவுண்டு எடையுள்ள மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். பிறகு நிறுத்துப் பார்த்தபோது மரம் 169 பவுண்டு இருந்தது. மண்ணோ சுமார் 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. மரத்தின் எடை முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அதில் பாதிதான் சரி. மீதிப் பங்கு காற்றிலிருந்து வந்தது என்பது பின்வந்த அறிஞர்களின் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

இதனை உங்கள் வயலுக்குப் பொருத்திப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 2 டன் நெல்லும் 2 டன் வைக்கோலும் கிடைப்பதாகக் கொள்வோம். ஈரத்தைக் கழித்தால் ஏறக்குறைய 3.5 டன் உலர் எடை. அதில் 100க்கு 40 பங்கு கரி, அதாவது 1.4 டன். இவ்வளவு கரியைச் சேர்க்கப் பயிர் காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட கரியமில வாயு சுமார் 5 டன் ஆகும். அதே பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்து, நெல் ஒரு டன்னுக்கு 15 முதல் 20 கிலோ அளவே. தழை, மணி, சாம்பல் சத்துகளுக்காக நாம் பணம் கொடுத்து உரம் வாங்குகிறோம். ஆனால் பயிர் மிக அதிகமாக உண்ணும் சத்தைக் காற்று விலையின்றி, வண்டிக் கூலியின்றி இலைக்கே கொண்டுவந்து தருகிறது.

இலை என்னும் சமையற்கூடம்

இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உள்ளன. காற்றிலுள்ள கரியமில வாயு இவற்றின் வழியே உள்ளே செல்கிறது. வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியே இலைக்கு ஏறுகிறது. இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பிடித்து, அந்தச் சக்தியைக் கொண்டு நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரையாகச் சமைக்கிறது. இதற்கே ஒளிச்சேர்க்கை என்று பெயர். நெல்லில் உள்ள மாவும், கரும்பின் சாறும், நிலக்கடலையின் எண்ணெயும், பருத்தியின் பஞ்சும், சவுக்கின் கட்டையும் இந்தச் சர்க்கரையிலிருந்து பிறந்தவையே. இந்தச் சமையலில் மிஞ்சி வெளிவருவது நாம் சுவாசிக்கும் பிராணவாயு.

வெயிலில் வாடிய பயிர் வளராமல் நிற்பது ஏன் என்பதும் இதிலிருந்து விளங்கும். நீர் போதாதபோது, இருக்கும் ஈரத்தைக் காத்துக்கொள்ளப் பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளைகள் மூடினால் வாயு உள்ளே போக வழியில்லை. அடுப்பில் நெருப்பு இருந்தும் அரிசி இல்லாத வீடு போல, வெயில் இருந்தும் சமையல் நடப்பதில்லை.

எல்லாப் பயிர்களும் இந்த வாயுவை ஒரே விதமாக எடுப்பதில்லை. நெல், நிலக்கடலை, பருத்தி, பயறு வகைகள் ஒரு விதம். கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு வேறொரு விதம். பின்னவை வாயுவை இலைக்குள் செறிவாகச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தும் திறமை உடையவை. ஆகையால் கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் அவை தாக்குப்பிடிக்கின்றன. மானாவாரிப் பூமிக்கு நம் முன்னோர் சோளத்தையும் கம்பையும் தேர்ந்தெடுத்தது அனுபவத்தால் கண்ட உண்மை; அதற்கு விஞ்ஞானம் கூறும் காரணங்களுள் இது ஒன்று.

பூமிக்குப் போர்வை

கரியமில வாயுவுக்கு மற்றொரு வேலையும் உண்டு. பகலில் சூரிய ஒளி பட்டுச் சூடேறும் பூமி, அந்த வெப்பத்தை மீண்டும் வெளியே விடுகிறது. காற்றிலுள்ள நீராவி, கரியமில வாயு முதலியன அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் தடுத்துப் பூமிக்கே திருப்பி அனுப்புகின்றன. மார்கழிக் குளிரில் போர்வை உடற்சூட்டைக் காப்பது போன்ற வேலை இது. இந்தப் போர்வை இல்லாவிடில் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடு இருந்திருக்கும். ஏரி, குளம், கடல் எல்லாம் பனிக்கட்டியாகி, பயிரும் உயிரும் இராது. போர்வை இருப்பதால் அது சுமார் 15 டிகிரியாக இருக்கிறது.

போர்வை மிகவும் கனத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளிக் கிரகம் சான்று. அதன் காற்றில் 100க்கு 96 பங்கு கரியமில வாயு. அங்கே வெப்பம் ஈயத்தையும் உருக்கும் அளவில், சுமார் 460 டிகிரி. ஆகவே இந்த வாயு இல்லாமலும் வாழ முடியாது. அளவு மீறினாலும் வாழ முடியாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இதற்கும் பொருந்தும்.

இந்தக் காலநிலைக்கு ஏற்றவாறே நம் பயிர்களும், பட்டங்களும், மழைக் கணக்குகளும் பல நூற்றாண்டுகளாக அமைந்துள்ளன. இப்போது அந்த அளவுதான் மாறி வருகிறது.

புதிய கரியும் பழைய கரியும்

இனி மீண்டும் பேசின் பிரிட்ஜுக்கு வருவோம். படகில் வந்திறங்கிய சவுக்குக் கட்டையை எண்ணிப் பாருங்கள். சவுக்கு சில ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் மரம். அந்தச் சில ஆண்டுகளில் காற்றிலிருந்து அது சேர்த்த கரிதான் கட்டையில் இருந்தது. சென்னையின் அடுப்பில் எரிந்தபோது அதே அளவு வாயு காற்றுக்குத் திரும்பியது. வெட்டிய இடத்தில் மீண்டும் கன்று நட்டால், அடுத்த சில ஆண்டுகளில் அது மறுபடியும் மரமாகிவிடும். பண்டசாலையில் விதை நெல் கடன் வாங்கி, அறுவடையில் திருப்பி அளப்பது போன்ற கணக்கு இது. மீண்டும் நடாமல் காட்டை மட்டும் வெட்டிக்கொண்டே போனால் இந்தக் கணக்கும் கெட்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நிலக்கரியின் கதை வேறு. தமிழகத்தின் அனல் மின் நிலையங்களுக்கு ஒடிசா மாநிலத்தின் தால்ச்சேரிலிருந்து நிலக்கரி வருகிறது. அது 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் சதுப்பு நிலங்களில் வளர்ந்த மரங்களால் ஆனது. அந்த மரங்களும் உங்கள் நெல்லைப் போலவே வெயிலில் நின்று, காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துத்தான் வளர்ந்தன. அவை மக்குமுன் மண்ணுக்குள் புதைந்ததால் அவற்றின் கரியும் புதைந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கணக்கில் வராமல் பூமிக்குள் கிடந்த அந்தக் கரியை நாம் தோண்டி எடுத்து ஒரே நாளில் எரிக்கிறோம். 10 கிலோ நிலக்கரியில் சாம்பலும் ஈரமும் போக 4 கிலோ கரி இருந்தால், ஏறக்குறைய 15 கிலோ கரியமில வாயு காற்றில் புதிதாகச் சேர்கிறது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்தப் பழைய காடு இன்று இல்லை.

நாமும் நம் மாடுகளும் வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயு, இந்த ஆண்டு விளைந்த அரிசியிலும் வைக்கோலிலும் இருந்த கரி. அது போவதும் வருவதும் சமம். மூச்சு விடுவதால் காற்றில் இவ்வாயு பெருகுவதில்லை.

பேசின் பிரிட்ஜிலிருந்த பழைய நிலக்கரி மின் நிலையம் இப்போது இல்லை. அந்த இடத்தில் 1996ஆம் ஆண்டில் நாப்தா எண்ணெயால் இயங்கும் 120 மெகாவாட் சுழலி மின் நிலையம் அமைக்கப்பட்டது. நாப்தாவும் பூமிக்குள் கிடந்த பழைய கரியே. அங்கிருந்து வடக்கே சென்றால் எண்ணூர். 1970ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1994 முதல் வட சென்னை அனல் மின் நிலையம் இயங்கி வருகிறது. நிலக்கரியை இறக்குவதற்காகவே எண்ணூரில் அமைக்கப்பட்ட துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது 2011இல் நின்று, அதுவும் எண்ணூருக்குச் சென்றது.

இந்த மின்சாரம் பட்டணத்துக்கு மட்டும் போவதன்று. நம் கிணற்றுப் பம்புசெட்டும் அதே கம்பியில்தான் இணைந்துள்ளது. நிலக்கரியிலிருந்து 1 யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. அனல் மின்சாரத்தில் மட்டும் ஓடினால், 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்தில் 4 கிலோவுக்கு மேல் இந்த வாயுவைக் காற்றில் சேர்க்கிறது எனலாம். காற்றாலை, நீர் மின்சாரம், சூரிய ஒளி மின்சாரம் ஆகியவை கலந்து வருவதால் உண்மையில் இது குறையும்.

ஏறியது பழைய கரி என்பது எப்படித் தெரியும்?

காற்றில் கூடியுள்ள வாயு நிலக்கரியிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. காற்றிலுள்ள கரியில் மிகச் சிறு பங்கு கதிர்வீச்சு உடையது. பயிர்கள் இதையும் சேர்த்தே உண்கின்றன. பயிர் இறந்த பின் இந்தக் கதிர்க்கரி மெல்ல மெல்ல அழிகிறது. சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிவிடும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சுவதில்லை. எனவே நிலக்கரிப் புகை கலக்கக் கலக்க, பாலில் தண்ணீர் கலந்தது போல, காற்றிலுள்ள கதிர்க்கரியின் பங்கு நீர்த்துப்போகும். 1955இல் ஹான்ஸ் சூஸ் என்ற அறிஞர் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து இவ்வாறே நீர்த்திருப்பதைக் கண்டறிந்தார்.

நிலக்கரி பெருமளவில் எரிக்கப்படுவதற்கு முன்னர் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. 1958இல் ஹவாய்த் தீவின் மலை ஒன்றில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு இருந்தது. 2024இல் 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதாலும் சிமெண்ட் உற்பத்தியாலும் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவில் இவ்வாயு வெளியேறுகிறது. மனிதர் சேர்ப்பதில் பாதியளவை நிலத்துத் தாவரங்களும் கடலும் எடுத்துக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்கிப் போர்வையைக் கனக்கச் செய்கிறது.

யூரியா மூட்டைக்குள்ளும் கரியமில வாயு

பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே மணலியில் உள்ள மெட்ராஸ் உரத் தொழிற்சாலை 1971 முதல் யூரியா தயாரித்து வருகிறது. யூரியா என்றால் தழைச்சத்து என்பது மட்டுமே நமக்குத் தெரியும். அது அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து உருவாவது. 60 கிலோ யூரியா தயாரிக்க 34 கிலோ அம்மோனியாவும் 44 கிலோ கரியமில வாயுவும் செல்கின்றன. 18 கிலோ நீர் பிரிந்து வெளியேறுகிறது. இக்கணக்கின்படி 45 கிலோ மூட்டை ஒன்றுக்குள் 33 கிலோ கரியமில வாயு அடைபட்டுள்ளது.

இந்த வாயு நாப்தாவிலிருந்து எடுக்கப்பட்டு வந்தது. 2019 முதல் மணலி ஆலை இயற்கை எரிவாயுவுக்கு மாறியுள்ளது. எதுவாயினும் அது பழைய கரிதான். யூரியாவை வயலில் இட்டதும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் நொதி அதனைப் பிரிக்கிறது. அம்மோனியா மண்ணில் தங்குகிறது. 33 கிலோ வாயு வெளியேறுகிறது. பயிருக்குத் தேவையானதற்கு மேல் ஒரு மூட்டை யூரியா இட்டால் பணமும் போகிறது, பூச்சியும் நோயும் பெருகுகின்றன, பூமியின் கணக்கிலும் பழைய கரி ஏறுகிறது.

வாயு கூடினால் விளைச்சல் கூடாதா?

கரியமில வாயு பயிரின் உணவு என்றால், அது கூடுவது உழவருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காற்றில் இவ்வாயு கூடும்போது நெல், பயறு, நிலக்கடலை போன்றவை ஓரளவு செழித்து வளர்கின்றன என்பது உண்மையே. கரும்பு, சோளம் போன்றவற்றுக்கு அந்த நன்மை குறைவு. ஆனால் மூன்று காரணங்களால் இந்த நன்மையை நம்பி இருக்க முடியாது.

முதலாவது, வெப்பம். நெல் பூக்கும் தருணத்தில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் சென்றால் மகரந்தம் கெட்டுக் கதிர்கள் பதராகும். இரவு வெப்பமும் தீமையே. பகலில் சமைத்த சர்க்கரையைப் பயிர் இரவில் மூச்சாக விட்டுச் செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் கண்ட முடிவுகள் 2004இல் வெளியாயின. கோடைப் போகத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் 100க்கு 10 பங்கு குறைந்ததாக அவை காட்டின.

இரண்டாவது, தரம். சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயல்களில் கரியமில வாயுவைக் கூட்டி 18 நெல் ரகங்களை வளர்த்தனர். 2018இல் வெளியான முடிவின்படி அரிசியில் புரதம் சராசரியாக 100க்கு 10 பங்கும், இரும்புச்சத்து 8 பங்கும், துத்தநாகம் 5 பங்கும் குறைந்தன. சோறு கூடினாலும் சத்து குறைகிறது.

மூன்றாவது, நீர். காற்று சூடானால் மண்ணின் ஈரம் விரைவில் வறளும். மழை ஒரே நாளில் கொட்டுவதும், நெடுநாள் பொய்ப்பதும் மிகும். நீர் இல்லாதபோது இலைத்துளை மூடிக்கொள்கிறது என்று முன்னரே கண்டோம். வாசலில் எவ்வளவு வாயு நின்றாலும் கதவு திறவாவிடில் பயன் என்ன?

பழைய கரியை மிகுதியாக எரித்தவர்கள் சிறு உழவர்கள் அல்லர். எனினும் பருவம் தவறினால் முதலில் நட்டமடைபவர்கள் அவர்களே. ஆகவே நம் வயலில் நம் கையில் உள்ளவற்றையாவது செய்துகொள்வது நமக்கே நல்லது.

உழவர்கள் செய்யக்கூடியவை

1. வைக்கோலையும் தாள்களையும் எரிக்காதீர்கள். ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 14 முதல் 20 கிலோ சாம்பல் சத்தும் உள்ளன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் புகையாகிவிடும். மாட்டுக்குப் போக மிஞ்சியதை மக்க வையுங்கள். கரும்புச் சோகையைப் பார்களில் பரப்பினால் ஈரமும் காக்கப்படும், களையும் கட்டுப்படும்.

2. மண்ணில் கரியைச் சேமியுங்கள். மண் பரிசோதனை அட்டையில் அங்ககக் கரி 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் இருந்தால் நிறைவு. ஓர் ஏக்கரில் மேல் மண் அரை அடி ஆழத்துக்கு ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை உள்ளது. அதில் அங்ககக் கரி 0.1 சதவீதம் உயர்ந்தால் 900 கிலோ கரி சேர்ந்ததாகப் பொருள். அதாவது காற்றிலிருந்த 3,300 கிலோ கரியமில வாயு உங்கள் மண்ணில் தங்கிவிட்டது. அத்தகைய மண் நீரையும் உரத்தையும் பிடித்து வைக்கும். நம் நாட்டு வெப்பத்தில் இட்ட எருவில் பெரும்பகுதி மக்கிக் காற்றோடு போய்விடும். ஒரு சிறு பங்கே நிலைக்கும். எனவே ஒரு முறை இட்டு நிறுத்தாமல் ஆண்டுதோறும் இட்டு வர வேண்டும்.

3. பசுந்தாள் உரம் பயிரிடுங்கள். தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 40 முதல் 45 நாட்களில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். தொழு உரம் கிடைக்காத சிறு உழவர்களுக்கு இது மிகவும் ஏற்றது. இதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தையும், இலைகள் காற்றிலுள்ள கரியையும் மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. நெல் அறுவடைக்குப் பின் உளுந்து, பாசிப்பயறு விதைப்பதும் நல்லது. வெற்று வயலில் விழும் வெயில் வீண்.

4. யூரியாவை அளந்து இடுங்கள். இலை வண்ண அட்டையைப் பயன்படுத்தி, வெள்ளைப் பொன்னிக்கு 3க்குக் கீழும், பிற ரகங்களுக்கு 4க்குக் கீழும் நிறம் வெளுத்தால் மட்டும் மேலுரம் இடலாம். ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும்.

5. நெல்லுக்கு நீர் மறைய நீர் கட்டுங்கள். எப்போதும் நீர் தேங்கிய வயலில் மீத்தேன் என்னும் வேறொரு வாயு உண்டாகிறது. அது கரியமில வாயுவை விடக் கடுமையான போர்வை. நீர் மறைந்த பின் நீர் கட்டினால் இந்த வாயு குறையும். மோட்டார் ஓடும் நேரமும் மிச்சமாகும். வசதி உள்ளவர்கள் சூரிய சக்திப் பம்புசெட்டுக்கு மாறலாம்.

6. வரப்பிலும் தரிசிலும் மரம் வளருங்கள். சவுக்கு, வேம்பு, தேக்கு எது நட்டாலும் கரி சேரும். வெட்டியதும் மறுகன்று நடுவதைத் தவறாமல் செய்ய வேண்டும். அடுப்புக்கு விறகாகும் சவுக்கை விட, கதவும் தூலமுமாகும் தேக்கு நெடுங்காலம் கரியைக் கட்டி வைக்கும்.

அன்பார்ந்த உழவர்களே! பேசின் பிரிட்ஜில் விறகுப் படகுகள் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அந்தச் சவுக்குக் கட்டை சொல்லும் கணக்கு இன்றும் உங்கள் வயலில் நடக்கிறது. காற்றிலிருந்து எடுத்ததைக் காற்றுக்கே திருப்பித் தருவது பயிரின் இயல்பு. அதில் ஒரு பங்கை மண்ணிலே நிறுத்தி வைப்பது உழவரின் திறமை. சென்ற ஆண்டு உங்கள் வயலில் எவ்வளவு வைக்கோல் எரிந்தது, எவ்வளவு மண்ணுக்குச் சென்றது என்பதை ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்த அறுவடையில் தீக்குச்சிக்கு மாறாக எருக்குழியை நாடுங்கள். அதன் பலனை மூன்று, நான்கு ஆண்டுகளில் உங்கள் மண் பரிசோதனை அட்டையே சொல்லும்.